வாய் விலைக்கு எழுந்த பட்டறை

உலையில் இட்டால் இரும்பும் உருகும்படி உலகத்தைப் படைத்து, அதனுள்ளே எளிதில் உருகாத நெஞ்சங்களையும் ஒரு விளையாட்டாகப் படைத்துவைத்த பெருமானின் திருவுளத்தை யாரே அறிய வல்லார்? ஆகையால், கோயமுத்தூருக்குக் கிழக்கே கல்லாங்காட்டுப்புதூரில் ஞாயிறுதோறும் கூடுகின்ற பழைய இரும்புச் சந்தையில், ஒரு மார்கழி மாதத்து முற்பகலில், மதிப்புக்காரர் சென்னியப்பன் உரக்க விலை சொன்ன, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் ஒன்று தரையை விட்டு எழுந்து, கூரைக்குத் தாவுமுன் கோழி தயங்குவது போலச் சற்றே தயங்கி, பிறகு அவருடைய இடுப்பளவு உயரத்தில் அசையாமல் நின்றுகொண்டபோது, இது ஏன் நிகழ்ந்தது என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

வாய் திறந்தவள் தேநீர்க் கடைச் சுப்பக்காள் ஒருத்திதான். அவள் கவலையும் வேறு.

"சென்னியண்ணா, உங்க வைசு எங்க கடைப் பாய்லரை முட்டப் போகுது. அக்கட்டால தள்ளிப் போய் விலை சொல்லுங்களேன்!"

"பிடிச்சுட்டுத்தான் இருக்கறேன் சுப்பக்கா" என்று சொல்லி, சென்னியப்பன் இடக்கையால் வைசை அழுத்திக்கொண்டே வலக்கையால் தோள் துண்டை எடுத்து விரித்தார்.

அந்தச் சந்தையின் வழக்கத்தை இவ்விடத்தில் சொல்லிவிட வேண்டும். முன்னொரு காலத்தில் அது மாட்டுச் சந்தையாக இருந்தது. மாடுகள் வருவது நின்று, மூடிய ஆலைகளிலிருந்தும் பிரிந்த கூட்டுப் பட்டறைகளிலிருந்தும் இரும்பைக் கடையும் லேத்துகளும் துளை போடும் இயந்திரங்களும் அரங்களும் சம்மட்டிகளும் வந்து குவியத் தொடங்கிய பின்னரும், மாட்டுத் தரகின் முறை மட்டும் அந்த மண்ணை விட்டுப் போகவில்லை. அங்கே எந்தப் பொருளுக்கும் இரண்டு விலை: வாய் விலை, கை விலை. வாய் விலை என்பது ஊரறிய உரக்கச் சொல்வது. சுவாமி புறப்பாட்டுக்கு முன்னே கட்டியம் கூறுவது போல, விற்பனைக்கு வந்த பொருளுக்குச் செய்கின்ற மரியாதை அது. அதை யாரும் நம்புவதில்லை, நம்பவேண்டும் என்று சொல்பவரும் எதிர்பார்ப்பதில்லை. கை விலை என்பது துண்டுக்கு அடியில், வாங்குபவருடைய விரல்களைப் பிடித்து மதிப்புக்காரர் ஓசையின்றிச் சொல்வது. பிடிக்கிற விரல் ஒவ்வொன்றும் ஓர் ஆயிரம். வாய் எதையும் சொல்லலாம். துண்டுக்குள் போன கை பொய் சொல்லக் கூடாது. அப்படிச் சொன்ன மதிப்புக்காரருக்கு அந்தச் சந்தையில் அடுத்த ஞாயிறு கிடையாது.

சென்னியப்பனுக்கு இரண்டுமே வாய்த்திருந்தன. லேத்தின் படுகையில், இரும்பைக் கவ்விச் சுழற்றும் சக்குக்கு அருகே, எல்லோரும் வேலை செய்து செய்து தேய்ந்திருக்கும் அந்த இடத்தில், கட்டைவிரல் நகத்தை ஓட்டிப் பார்த்து, அது எத்தனை வருடம் உழைத்தது என்பதை அறிவார். கைச்சக்கரத்தை முன்னும் பின்னும் அசைத்து, எவ்வளவு வெற்றாட்டம் ஆடுகிறது என்று கண்டு ஆயிரங்களைக் குறைப்பார். சுத்தியலால் வைசைத் தட்டிக் கேட்டு, புதுப் பெயிண்டின் கீழே ஒளிந்திருக்கும் விரிசலைப் பிடித்துவிடுவார். அரத்தின் பல் மிச்சமிருக்கிறதா என்று புறங்கையில் தேய்த்துப் பார்ப்பார். இத்தனையும் கைக்குள் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தால், துருப்பிடித்த ஸ்பேனரையும் வைரமுடி சாற்றிய திருமேனி போல வருணித்துவிடுவார். அன்றைக்கும் அப்படித்தான் அந்த வைசுக்கு ஐம்பதாயிரம் என்று வாய் விலை வைத்தார், அது எழுந்தது. துண்டுக்குள் வாங்குபவரின் மூன்று விரல்களைப் பிடித்தார். அது இறங்கி வந்து, வெட்கப்பட்ட பிள்ளை போலத் தன் பழைய இடத்தில் அமர்ந்தது.

உச்சிப் பொழுதுக்குள் விஷயம் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. உண்மைக்கு மேலே போனால் பொருள் மேலே போகும். உண்மைக்கு வந்தால் தரைக்கு வரும். இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது என்று வியாபாரிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். இத்தனை வருடமாக இது நடக்காமல் இருந்ததுதான் விந்தை என்றார் சந்தைத் தலைவர் நஞ்சப்பன். அவர் கோயில் தர்மகர்த்தாவும் ஆகையால், அவர் சொன்னதே அதற்கு விளக்கமாகவும் நின்றுவிட்டது.

அதன் பிறகு அந்த ஊர் அந்த அதிசயத்தோடு குடும்பம் நடத்தப் பழகிய கதையைச் சொன்னால் ஒரு நாள் போதாது. புகழ்வதற்கு முன்னால் பொருளைக் கயிற்றால் கட்டவேண்டும் என்று நஞ்சப்பன் சட்டம் போட்டார். கயிறு விற்கும் கடைகள் புதிதாக முளைத்தன. கட்டாமல் புகழப்பட்ட துளை இயந்திரம் ஒன்று புளியமரத்துக்கு மேலே போய், பருந்துகளோடு இரண்டு சுற்று சுற்றி, பல்லடம் திசையில் மறைந்தது. அதை விற்றவர், போனது போகட்டும், அவ்வளவு உயரம் போகும் சரக்கை விற்றோம் என்ற பெருமை போதும் என்று இனிப்பு வாங்கிக் கொடுத்தார். டன் கணக்கில் எடையுள்ள லேத்துகளைத் தூக்குவதற்குக் கிரேன் கூப்பிடுகிற வழக்கம் ஒழிந்தது. இரண்டு கோடி பெறும் என்று அதன் காதருகே சொல்லிவிட்டு, கன்றுக்குட்டியைப் போலக் கயிற்றில் பிடித்து நடத்திப் போய், வேண்டிய இடத்தில் நிறுத்தி, நியாயமான விலையைச் சொல்லி இறக்கிக்கொண்டார்கள். வேலை போன கிரேன் ஓட்டுநர்கள் முதலில் சண்டைக்கு வந்தார்கள். பிறகு அவர்களுக்குக் குரல் வளம் இருப்பது தெரிந்து, புகழ்வோராக அவர்களையே அமர்த்திக்கொண்டார்கள்.

தைப்பூசத்தில் தேர்ச் சக்கரம் சேற்றில் புதைந்தபோது, நஞ்சப்பனே வந்து சென்னியப்பனின் தோளைத் தொட்டார்.

"சென்னியப்பா, நாலு நல்ல வார்த்தை சொல்லு. ஒரு சாண் எந்திரிச்சாப் போதும்."

சென்னியப்பன் குளித்துத் திருநீறு பூசி, தேரின் முன்னே நின்று, கோடி என்றார். நூறு கோடி என்றார். கொங்கு நாட்டு மண் அத்தனையும் பொன்னானாலும் ஈடாகாது என்றார். ஏழு கடலும் நெய்யானாலும், எட்டுத் திசையும் விளக்கானாலும், அத்தனையும் இந்தத் தேரின் ஓர் அச்சாணிக்கு உறை போடக் காணாது என்றார். தேர் தினையளவும் அசையவில்லை. அவர் கண்களிலிருந்து நீர் வழிந்தது. ஆனால் முகமோ மலர்ந்திருந்தது.

"எத்தனை சொன்னாலும் கம்மியாவேதானுங்க இருக்குது" என்று கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். கூட்டம் அரோகரா என்று முழங்கி, வடத்தைக் கையிலெடுத்து, பழையபடி இழுத்து, பழையபடி வியர்த்து, தேரை நிலைக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

மாசி முகூர்த்தத்தில் வேறொன்று நடந்தது. மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டுத் தரகர், வாய்ப் பழக்கத்தில், பையன் நூறு பவுன் பெறுவான் என்று சொல்லிவைக்க, பையன் பட்டு வேட்டியோடு எழுந்து மின்விசிறியின் அருகே போய் நின்றான். பெண்ணின் தாய்மாமன் நாற்காலியில் சாய்ந்தபடி ஒவ்வொரு பவுனாகக் குறைத்துச் சொல்லிக்கொண்டே வந்தார். பையனின் கால் பெருவிரல் முக்கால் பவுனில் தரையைத் தொட்டது. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் பவுன் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

இந்தக் கோலாகலம் அத்தனைக்கும் நடுவே, சென்னியப்பனுக்கு ஒரு தனிக் கவலை இருந்தது. அதன் பெயர் தெய்வாத்தாள்.

தெய்வாத்தாள் சிங்காநல்லூர்ப் பக்கத்தில் பம்ப்செட்டுகளுக்குள் சுழலும் இரும்புத் தண்டான ஷாப்டைக் கடைந்து கொடுக்கும் லேத்துப் பட்டறையை, தகப்பனார் காலமான பிறகு, ஒற்றை ஆளாக நடத்திவந்தவள். நாற்பதைத் தொடுகிற வயது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சந்தைக்கு வந்து, ஓர் அரமோ ஒரு ஸ்பேனரோ வாங்குவாள். வாங்குமுன் சென்னியப்பனைப் போலவே நகத்தை ஓட்டிப் பார்ப்பாள். அவர் வாய் விலை சொல்லும்போது மட்டும் உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்குவாள். சந்தையிலுள்ள ஆண்கள் அத்தனை பேரையும் அண்ணா என்று அழைப்பவள், அவரை மட்டும் "ஏனுங்க" என்பாள். சென்னியப்பனுக்கு அவளைவிட ஐந்து வயது கூட. கட்டிக்கொள்ள வேண்டிய காலத்தில் பழைய லேத்துகளைத் தட்டிக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டவர். அந்த ஒற்றை "ஏனுங்க"வை வைத்துக்கொண்டு அவர் எத்தனையோ வாரங்களை ஓட்டியிருக்கிறார்.

"அந்தம்மிணி கறிவேப்பிலை விக்கறவனைக் கூட அண்ணாங்குது. உங்களை ஏன் கூப்பிடறதில்லை, கேட்டீங்களா?" என்று சுப்பக்காள் சீண்டுவாள்.

"பழக்கமில்லாம இருக்கும்."

"ஆமாமா, பத்து வருசமாப் பழக்கமில்லாமத்தான் இருக்குது!"

பங்குனி மாதத்து ஞாயிறொன்றில் தெய்வாத்தாள் லாரியின் முன்னிருக்கையிலிருந்து இறங்கினாள். பின்னால் அவளுடைய லேத்தும், துளை இயந்திரமும், பட்டடைக்கல்லும், வைசுகளும், அரப் பெட்டியும், சம்மட்டிகளும், சுவரில் மாட்டியிருந்த ஸ்பேனர் வரிசைகூட, துணியில் சுற்றி, ஒரு குடும்பம் வீடு மாறுவது போல ஏறியிருந்தன.

"ஏனுங்க, மொத்தமும் விக்கறதுங்க" என்றாள். "தம்பி திருப்பூருக்கு வந்துருன்னு சொல்லறான். அவன் பனியன் கம்பெனியில துணி செக்கிங் பாக்கறதுக்கு."

"எப்பங்க?"

"இன்னைக்கு வித்துப்போட்டா நாளைக்குப் போறதுதான்."

சென்னியப்பன் லாரியின் பின்பலகையைத் திறந்தார். லாரியிலிருந்து பொருள்களை இறக்கிப் பரப்பினார்கள். அவர் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார், நகத்தை ஓட்டினார், சக்கரத்தை அசைத்தார், தட்டிக் கேட்டார். கைக்குள் எல்லாக் கணக்கும் வந்து சேர்ந்தது. அதன் பின் வழக்கப்படி, மரியாதைக்காக, வாயைத் திறந்தார்.

இந்த அரங்கள் ஒவ்வொன்றும் ஒரு லட்சம் பெறும், ஏனென்றால் இவை தேய்த்த இரும்பெல்லாம் தண்ணீராக ஊரை நனைத்திருக்கிறது என்றார். அரங்கள் மீன்கூட்டம் போல மேலே எழுந்தன. இந்தப் பட்டடைக்கல் பத்து லட்சம் பெறும், அடிக்க அடிக்க அடித்தவளையே பொறுத்துக்கொண்ட கல் இது, பூமாதேவிக்குத் தங்கை என்றார். கல் உருண்டு எழுந்தது. இந்தத் துளை இயந்திரம், இது போட்ட துளைகளில் புகுந்த காற்று அத்தனையும் புல்லாங்குழலாகப் பாடியிருக்கும் என்றார், அது எழுந்தது. இந்த லேத்து, ஐயா, இந்த லேத்து, காலையில் இதன் மேல் விழும் வெயிலே கடைந்தெடுத்த வெயிலாக இருக்கும், இதன் சக்கரம் சுழன்றால் சூரிய சந்திரர் தங்கள் சுற்றை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வார்கள், கோடி கொடுத்தாலும் கோடிக்கும் கோடி கொடுத்தாலும், என்று தொடங்கியவர், வழக்கமாக நிறுத்துகிற இடத்தில் நிறுத்தவில்லை. எழுந்தது இறங்காவிட்டால் விற்காது. விற்காவிட்டால் அவள் திருப்பூர் போகமாட்டாள் என்பது அவருக்கு நடுவிலேதான் உறைத்தது. உறைத்தபின் குரல் இன்னும் உயர்ந்தது. கட்டியிருந்த கயிறுகள் சுருள் பிரிந்து விறைத்தன. புளியமரத்துக்கு மேலே ஒரு முழுப் பட்டறை, இருந்த இருப்பில், மூலைக்கு மூலை அதே இடைவெளியில், பங்குனி வெயிலில் மினுக்கிக்கொண்டு மிதந்தது. சந்தை கைதட்டியது. தெய்வாத்தாள் கைதட்டவில்லை. அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பழைய இரும்பு வாங்கும் கருப்பணன் முன்னே வந்து கையை நீட்டினார். "சரி மதிப்புக்காரரே, துளை மெஷினுக்குக் கை விலை சொல்லுங்க. இறக்கிப்போடலாம்."

துண்டு விரிந்தது. அந்த இயந்திரம் எட்டு விரல் பெறும் என்பது சென்னியப்பனின் கைக்குத் தெரியும். அந்தக் கை கருப்பணனின் ஐந்து விரலையும் பிடித்தது; மறுபடி பிடித்தது; மறுபடியும் மறுபடியும் பிடித்தது.

மேலே இயந்திரம் இறங்கவில்லை.

"என்னங்க இது, என்ற விரலு முருங்கைக்காயா, இந்த உருவு உருவறீங்க!" என்று கருப்பணன் கையை வெளியே இழுத்து உதறினார்.

நஞ்சப்பன் மெதுவாக எழுந்து வந்தார்.

"சென்னியப்பா, மெஷினு நின்ன இடத்துலயே நிக்குது. உன்ற கை பொய் சொல்லியிருக்குது."

"ஆமாங்க."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதானுங்க."

"அப்ப அடுத்த ஞாயித்துக்கெழமை…" என்று நஞ்சப்பன் தொடங்கினார். முடிக்க அவருக்கு மனம் வரவில்லை. சென்னியப்பன் துண்டை மடித்துத் தோளில் போடப்போனார். அதைத் தெய்வாத்தாள் பிடுங்கிக்கொண்டாள்.

"இருங்கண்ணா. பட்டறை என்னோடது. எனக்குச் சொல்லட்டும் கை விலை."

"விக்கறவங்களுக்குக் கை விலை சொல்ற வழக்கமில்லையே அம்மிணி?"

"லேத்து மரத்து மேல தொங்கறது மட்டும் வழக்கமுங்களா?"

சுப்பக்காள் அடுப்பை அணைத்துவிட்டு முன்வரிசைக்கு வந்தாள். தெய்வாத்தாள் தன் கையின் மேல் துண்டை விரித்து நீட்டினாள். இத்தனை வருடமாக ஆயிரம் கைகளைப் பிடித்த சென்னியப்பன் அந்தத் துண்டுக்குள் கையை விடுவதற்குள் வேட்டியில் இருமுறை துடைத்துக்கொண்டார். உள்ளே அவள் விரல்கள் இருந்தன. எண்ணெய் ஏறிக் காய்த்த விரல்கள். அவர் ஒரு விரலையும் தனியாகப் பிடிக்கவில்லை. உள்ளங்கையோடு உள்ளங்கையை வைத்தார். வைத்து, விடாமல் நின்றார். மாட்டுச் சந்தைக் காலத்திலிருந்து அந்தப் பிடிக்கு ஒரே பொருள்தான்: விலை பேச்சு இல்லை, வந்தது வந்தபடி மொத்தமும் நானே எடுத்துக்கொள்கிறேன்.

துண்டுக்கு வெளியே இருந்தவர்களுக்கு அது தெரியாது. மேலே பார்த்தவர்களுக்கு மட்டும், பட்டறை எழுவதும் இறங்குவதும் இன்றி, தெப்பத்தில் வைத்த திருமேனி போல இப்படியும் அப்படியும் மெல்ல அசைவது தெரிந்தது.

"மொத்தமுமா?" என்றாள் தெய்வாத்தாள் உரக்க.

"மொத்தமுங்க."

"பட்டறையோட நிக்குதா, மேற்கொண்டும் போகுதா அந்த மொத்தம்?"

சென்னியப்பனின் வாய், அத்தனை புகழ்ச்சிகளையும் தடையின்றிப் பொழிந்த அந்த வாய், திறந்து மூடியது. "மேற்கொண்டும் போகுதுங்க" என்பதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது. சுப்பக்காள் குலவையிட்டாள். கருப்பணன், "அடப்பாவமே, இதுக்கா என்ற விரலை முறிச்சீங்க?" என்றார்.

தெய்வாத்தாள் சிரிக்கவில்லை. கையையும் எடுக்கவில்லை.

"நான் ஏன் விக்கறேன்னு கேட்டீங்களா? தம்பி கூப்பிடறது இன்னைக்கு நேத்தா? ஆர்டரு இல்லாமயா? நீளமான ஷாப்டை லேத்துல ஏத்தறப்ப ஒரு முனையை நான் பிடிச்சா, மறு முனையை முட்டி போட்டு நெஞ்சுல தாங்க வேண்டியிருக்குது. ஆள் வெச்சுப் பாத்துட்டேன். வர்றவனெல்லாம் எனக்குப் புத்தி சொல்லறான், முனையைப் பிடிக்கறதில்லை. நீங்க என்னத்தைப் பிடிப்பீங்க? வாயைத்தான் பிடிச்சிருக்கறீங்க இத்தனை வருசமா."

"முனையைப் பிடிக்கறனுங்க."

"புத்தி?"

"என்கிட்ட இருந்தாத்தானே சொல்லறதுக்கு."

அப்போதுதான் அவள் உதட்டை மடித்தாள். மடித்தும் சிரிப்பு அடங்கவில்லை. நஞ்சப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு, கை முதலில் பொய் சொன்னது வாங்குபவரிடம், பிறகு உண்மை சொன்னது உரியவளிடம், ஆகையால் சந்தை இதைக் கழித்துக்கொள்ளும் என்று தீர்ப்புச் சொன்னார். அடுத்த ஞாயிறு வரலாம், ஆனால் மதியத்துக்கு மேல், பட்டறை வேலை முடித்துவிட்டு, என்று தெய்வாத்தாள் அந்தத் தீர்ப்பைத் திருத்தினாள்.

திரும்பும்போது லாரி தேவைப்படவில்லை. அரப் பெட்டியின் கயிற்றைச் சுப்பக்காளும், பட்டடைக்கல்லின் கயிற்றைக் கருப்பணனும், துளை இயந்திரத்தை நஞ்சப்பனும் பிடித்துக்கொள்ள, லேத்தின் கயிற்றைத் தெய்வாத்தாள் பிடித்து முன்னே நடந்தாள், சென்னியப்பன் வைசுகளைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னே வந்தார். திருச்சி சாலையில் பேருந்துகள் ஒதுங்கி வழிவிட்டன. நடத்துநர்கள் தலையை வெளியே நீட்டி, கல்யாண ஊர்வலமா சாமி ஊர்வலமா என்று கேட்டார்கள். இரண்டும்தான் என்று சுப்பக்காள் எல்லாப் பேருந்துக்கும் ஒரே பதிலைச் சொன்னாள். ஒண்டிப்புதூரில் யாரோ லேத்தின் மேல் பூச்சரம் எறிய, அது நழுவாமல் அங்கேயே கிடந்தது.

பட்டறையின் தகரக் கூரையை விலக்கி ஒவ்வொன்றாக உள்ளே வாங்கினார்கள். வந்தவர்கள் கயிற்றைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பிறகு சென்னியப்பன் அரத்துக்கு உண்மை விலையைச் சொன்னார். அது ஆணியில் போய்த் தொங்கியது. பட்டடைக்கல்லுக்குச் சொன்னார், அது தன் மரத்துண்டின் மேல் அமர்ந்தது. லேத்தின் முறை வந்தபோது அதன் படுகையில் கட்டைவிரல் நகத்தை மறுபடியும் ஓட்டிப் பார்த்தார்.

"சக்குப் பக்கம் தேய்மானம் இருக்குதுங்க" என்றார். "கைச்சக்கரம் கொஞ்சம் ஆடுது. பெல்ட்டு மாத்தோணும். தொண்ணூறாயிரம் பெறும். அதுக்கு மேல பெறாது."

"எண்பத்தஞ்சு" என்றாள் தெய்வாத்தாள். "கியர் ஒண்ணு பல்லு ஒடஞ்சு கெடக்குது. நீங்க பாக்கலை."

லேத்து எண்பத்தைந்துக்கு இறங்கி, தரையிலிருந்த போல்ட்டுகளில் தன் கால்களைத் தானே பொருத்திக்கொண்டது.

அவள் சுவரோரம் சாய்த்திருந்த நீண்ட ஷாப்டின் ஒரு முனையைத் தூக்கி, மறு முனையைக் கண்ணால் காட்டினாள். சென்னியப்பன் குனிந்து தூக்கினார். பளு தோள்வரை ஏறி இடுப்பில் இறங்கியது. கால்கள் தரையில் ஊன்றின.

"கனமா இருக்குதுங்களா?"

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை ஒருமுறை நிதானித்துப் பார்த்தார்.

"கனமாத்தானுங்க இருக்குது."

"விட்றாதீங்க" என்று சொல்லி, தெய்வாத்தாள் தன் முனையைச் சக்குக்குள் செலுத்தி, சாவியைத் திருகி இறுக்கத் தொடங்கினாள்.